ஜெரோம் ஏன் நாணல் பக்கம் திரும்பினான்

எந்த கேமை வாங்குவது என்று கேட்டு அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் நிலையத்தில் ஓட்டிசம் உள்ள பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். மற்றவர்களோடு பழகும் திறனை வளர்க்க வீடியோ கேம் உதவும் என்று எங்கோ வாசித்திருக்கிறீர்கள். பாலாவி நிலையத்தில் நான் அதைச் செய்து பார்த்தவள் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் ஆசிரியையிடம் கேள்வி கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேமின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அது இப்போது கடைகளில் கிடைக்குமோ என்னவோ. அதைவிட இரண்டு பையன்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குக் கூடுதலாக உதவும்.

கேம் வருவதற்கு முன்னால் எங்களிடம் இருந்தவை பட அட்டைகள். ஒருவரைக் கண்டால் சலாம் சொல்வது, சுகம் கேட்பது, சாப்பிட்டாரா என்று கேட்பது, வீட்டில் உள்ளவர்களை விசாரிப்பது என்று அட்டைக்கு அட்டை படம் இருக்கும். பிள்ளைகள் அவற்றைப் பாடமாக்கிச் சொல்வார்கள். எல்லோரையும் விட நன்றாகச் சொன்னவன் ஆகில். கனமூலைப் பிள்ளை, பதினைந்து வயது, வாய் ஓயாமல் கதைப்பவன். ஒருநாள் பஸ்ஸில் கொண்டக்டரிடம் அட்டையில் உள்ள வரிசைப்படி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறான். டிக்கட் போட வேண்டிய மனிதர் இரண்டு கேள்விக்கு ஓம் ஓம் என்றுவிட்டுப் பின்பக்கம் போக, மீதிக் கேள்விகளைக் கேட்டு முடிப்பதற்காக ஆகிலும் சனத்தை இடித்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறான். அவனுடைய வாப்பா நௌபர் இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். கொண்டக்டர் நல்ல மனிதர், நின்று பதில் சொன்னாராம்.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. கேள்விகளை அவனுக்குக் கற்றுக் கொடுத்தோம். பதிலை அறிய வேண்டும் என்ற ஆசையை எந்த அட்டையில் வைத்துக் கொடுப்பது?

கட்டாரில் வேலை செய்த ஒருவர், எங்கள் பழைய மாணவனின் கூடப்பிறந்த மூத்த நானா, விடுமுறையில் வந்தபோது தான் பாவித்த கேம் பெட்டியையும் இரண்டு கொன்ட்ரோலர்களையும் நிலையத்துக்குத் தந்துவிட்டுப் போனார். அட்டைப் பாடத்தை ஒழுங்காகச் செய்தவர்களுக்குக் கடைசி அரை மணித்தியாலம் கேம் என்று பரிசு போல வைத்தோம். சில கிழமைகளிலேயே நான் கவனித்தது, பாடத்தின்போது ஆளுக்கொரு திசையில் திரும்பியிருக்கும் பிள்ளைகள் டீவிக்கு முன்னால் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. இரண்டு பேரும் ஒரே பொருளைப் பார்க்கிறார்கள். இது எனக்குப் பெரிய புதுமையாக இருந்தது. சனிக்கிழமைகளில் பாடத்தை ஒதுக்கிவிட்டு கேமையே பாடமாக வைத்துப் பார்ப்போம் என்று என் சக ஆசிரியை ரிஹானாவிடம் சொன்னேன். அவர் அரை மனதோடு சம்மதித்தார்.

இருவர் சேர்ந்து ஆடும் கேம் ஒன்றை எடுத்தோம். ஆற்றில் ஒரு படகு. இடப்பக்கத் துடுப்பு ஒருவருக்கு, வலப்பக்கத் துடுப்பு மற்றவருக்கு. அக்கரையில் உள்ள பெட்டிகளை நேரம் முடிவதற்குள் இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஒருவர் மட்டும் வலித்தால் படகு ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். நேரம் குறையக் குறையப் பின்னணிப் பாட்டு வேகமாகும். திரையின் மேல் விளிம்பில் ஒரு பச்சைக் கோடும் இருந்தது, நேரம் போகப் போக அது கட்டையாகிக்கொண்டு வரும்.

ஆகிலுக்கு ஜோடியாக ஜெரோமைப் போட்டேன். ஜெரோம் நுரைச்சோலைப் பக்கம், கடற்தொழில் செய்யும் வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பம். பதினாறு வயது, என்னைவிட உயரம். நிலையத்தில் அவன் வாயிலிருந்து சொல் வருவது மிக அரிது. ஏதும் வேண்டுமென்றால் நம் மணிக்கட்டைப் பிடித்து அந்தப் பொருள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவான். ஓயாமல் கதைப்பவனையும் கதைக்காதவனையும் ஒரே படகில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று அறியும் ஆவல்தான் எனக்கு.

முதல் பெட்டி ஒழுங்காக வந்தது. இரண்டாவது பெட்டிக்குப் போகும்போது ஜெரோம் தன் வலப்பக்கத் துடுப்பை மட்டும் விடாமல் வலித்தான். படகு இடப்பக்கம் திரும்பி, ஆற்றோரத்தில் இருந்த நாணல் புதருக்குள் போய் நின்றுவிட்டது. ஆகில் கத்தினான். நேரம் முடிந்தது. மறுபடி தொடங்கினார்கள், மறுபடியும் நாணல். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். ஜெரோமுக்கு கேம் விளங்கவில்லை என்றார் ரிஹானா. துடுப்பை வலிக்கும் அசைவு அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது, அதனால் நிறுத்த மாட்டேன் என்கிறான் என்றேன் நான். இருவருமே ஏதோ கண்டுபிடித்துவிட்டவர்கள் போலத் தலையாட்டிக்கொண்டோம்.

மூன்றாவது சனிக்கிழமை ஆகில் கொன்ட்ரோலரைத் தூக்கி எறிந்தான். அது பட்டு ஜெரோமின் புருவம் வெடித்து இரத்தம் வந்தது. ஜெரோம் அழவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் இருந்துவிட்டான். ஆகில் தன் மணிக்கட்டைக் கடித்தபடி அறையைச் சுற்றிச் சுற்றி ஓடினான். ரிஹானா அவனைப் பார்த்துக்கொள்ள, நான் மேசைக்கு அடியில் நுழைந்து ஜெரோமின் புருவத்தில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு இருந்தேன். தையல் போடும் அளவுக்குக் காயம் இல்லை. பிளாஸ்டர் ஒட்டினோம். பிறகு இரண்டு வீட்டுக்கும் அறிவித்தோம்.

நௌபர் முதலில் வந்தார். மகனின் தோளைப் பிடித்து ஜெரோமுக்கு முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னார். ஆகில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொரி சொரி என்று நிறுத்தாமல் சொன்னான். இனி இவன் கையில் கேமைக் கொடுக்க வேண்டாம் என்று நௌபர் என்னைக் கேட்டுக்கொண்டார்.

ஜெரோமின் தந்தை அந்தோனி கடலுக்குப் போய் வந்தவுடன் புறப்பட்டு வந்திருந்தார். அவர் சத்தம் போடவில்லை. மகனின் பிளாஸ்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மிஸ், மத்தப் புள்ளையள் வீட்ட வந்து சொல்லும், இன்னார் அடிச்சவன் எண்டு. இவன் சொல்ல மாட்டான். இங்க என்ன நடக்குதெண்டு நான் எப்பிடி அறியுறது?”

அடுத்த கிழமை முதல் மகனை அனுப்பப் போவதில்லை என்றார். ஆளுக்கொரு திரை வைத்துத் தனித்தனியாக ஆட விடலாம் என்று ரிஹானா இடையில் சொன்னார். நியாயமான யோசனைதான். அப்படிச் செய்தால் யாருக்கும் காயம் வராது. யாரும் யாரோடும் பழகவும் தேவையில்லை. இன்னும் ஒரு சனிக்கிழமை மட்டும் தாருங்கள், நீங்களும் வந்து அறைக்குள் இருங்கள், பிறகு முடிவெடுங்கள் என்று அந்தோனியிடம் கேட்டேன். சரி, சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

கேட்டுவிட்டேனே தவிர, என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

கிழமை நடுவில் ஆகில் வந்தபோது அவனைக் கூப்பிட்டு இருத்தினேன். எறிந்தது பிழை என்று அவனுக்கு எல்லோரும் சொல்லி முடித்திருந்தார்கள். நான் கேமைப் பற்றிக் கேட்டேன். ஜெரோம் பிழையாக விளையாடுகிறான் என்றான். எப்படிப் பிழை என்றேன். அவன் சொன்ன விவரம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. முதல் பெட்டியில் ஜெரோம் ஒருபோதும் திரும்புவதில்லையாம். இரண்டாவதில்தான் திரும்புவானாம். திரும்பினால் எப்போதும் அதே நாணல்தானாம், வேறு கரைக்குப் போனதே இல்லையாம். கேம் விளங்காத பிள்ளை எங்கே வேண்டுமானாலும் போகும். இவன் ஓரிடத்தைத் தேடிப் போகிறான்.

“ஏன் அங்க போறான்?” என்று கேட்டேன்.

“தெரியா.”

“உனக்குத் தெரிய வேணுமா மகன்?”

ஆகில் கதைப்பதை நிறுத்திவிட்டான். அவன் அப்படி மௌனமாக இருந்து நான் கண்டதில்லை. கடைசியில், “ஓம். ஆனா கேட்டா அவன் சொல்ல மாட்டானே” என்றான். கேட்காமல் அறிய வழி இருக்கிறதா என்று யோசித்துப் பார் என்று சொல்லி அவனை விட்டுவிட்டேன். எனக்கும் வழி தெரியாதபடியால்தான் அப்படிச் சொன்னேன்.

சனிக்கிழமை அந்தோனி சொன்னபடி வந்து பின்சுவரோரக் கதிரையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். பையன்கள் டீவிக்கு முன்னால். ஆகிலின் கைக்கு எட்டும் தூரத்தில் நான் நின்றேன். முதல் பெட்டி வந்தது. இரண்டாவதுக்குப் போகும் வழியில் ஜெரோம் வழக்கம்போல வலிக்கத் தொடங்கினான். ஆகில் கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் தன் துடுப்பை விட்டுவிட்டான். படகு தானாகத் திரும்பி நாணலுக்குள் போய் நின்றது. இருவரும் அசையாமல் இருந்தார்கள். இரண்டு தலைகள், நடுவில் திரை.

“மிஸ், இங்க பாட்டு இல்ல” என்றான் ஆகில்.

எனக்கு விளங்கவில்லை. கிட்டப் போய்க் குனிந்து கேட்டேன். நாணலுக்குள் படகு நுழைந்தால் பின்னணிப் பாட்டு நின்றுவிடுகிறது. தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும்தான். வெளியே லொறிகள் போகிற அந்த அறையில், பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று எங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்த எங்கள் காதில் இது ஒருநாளும் விழவில்லை. முதல் பெட்டி வரைக்கும் பாட்டு மெதுவாகத்தான் போகும். இரண்டாவதிலிருந்து வேகமாகும். அதைத் தாங்க முடியாமல்தான் பையன் அது இல்லாத ஒரே இடத்துக்கு ஓடியிருக்கிறான். அங்கிருந்து அவனை வெளியே இழுக்க நாங்கள் எல்லோரும் பாடுபட்டிருக்கிறோம்.

ஆகில் யாரையும் கேட்காமல் கேமின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பாட்டை நிறுத்தினான். படகு நாணலை விட்டு வெளியே வந்தது. ஜெரோம் திரும்பவில்லை. நேராக அக்கரைக்குப் போனார்கள், இரண்டாவது பெட்டியை ஏற்றினார்கள், மூன்றாவதையும் ஏற்றினார்கள். அந்தோனி கைகளை அவிழ்த்து முழங்காலில் ஊன்றிக்கொண்டு முன்னுக்குச் சரிந்தார். நான் பெருமூச்சு விட்ட அந்த நொடியில் நேரம் முடிந்து திரை சிவப்பானது.

தோற்றது ஆகிலுக்குப் பொறுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு இன்னொன்று விளங்கியது. ஜெரோமை விரட்டிய அந்தப் பாட்டுத்தான் ஆகிலுக்கு மணிக்கூடு. அதன் வேகத்தை வைத்தே அவன் நேரத்தைக் கணித்து வந்திருக்கிறான். பாட்டை மறுபடி போட அவன் கை போனது. ஜெரோம் தன் கையை நீட்டி ஆகிலின் கொன்ட்ரோலரின் மேல் வைத்தான்.

“வேணாம்” என்றான்.

“எனக்கு வேணும். பாட்டு இல்லாட்டி நேரம் தெரியாது.”

“வேணாம்.”

ஆகிலின் மறு கை வாய்ப்பக்கம் உயர்ந்தது, மணிக்கட்டைக் கடிப்பதற்கு. ஜெரோமின் புருவத்தில் காயம் இன்னும் ஆறவில்லை. பின்னால் கதிரை தரையில் உரசும் சத்தம் கேட்டது, அந்தோனி எழும்பிவிட்டார். ரிஹானா ஓடிப் போய் அலுமாரியிலிருந்து ஹெட்போனை எடுத்து என் கையில் திணித்தார். அவருடைய யோசனை சரியானது. அதை டீவியில் சொருகி ஆகிலின் காதில் மாட்டினால் பாட்டு அவனுக்கு மட்டும் கேட்கும், ஜெரோமுக்குக் கேட்காது. ஒரு நிமிட வேலை. இருவருக்கும் நிம்மதி, அப்பாவுக்கும் நம்பிக்கை வந்துவிடும்.

தங்கைமாரே, தம்பிமாரே, இந்த வேலையில் நமக்கு வரும் நெருக்கடிகளில் பாதி இப்படிப்பட்டவை. கையில் ஒரு நல்ல தீர்வு இருக்கும். அதைக் கொடுப்பதா, பொறுப்பதா என்பதுதான் கேள்வி. ஜெரோமுக்கு அந்த நேரத்தில் வேதனை இல்லை, பாட்டு நின்றிருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் நான் ஒரு கணமும் பொறுத்திருக்க மாட்டேன். வேதனையில் உள்ள பிள்ளையை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. ஆனால் இப்போது இருந்தது வேறு. ஒருவனுக்கு ஒன்று வேண்டும், மற்றவனுக்கு அது வேண்டாம், இருவரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லியும் விட்டார்கள். எத்தனையோ கிழமை அட்டைகளை வைத்து நாங்கள் நடிக்கச் சொன்ன விஷயம் எங்களுக்கு முன்னால் நிஜமாக நடந்துகொண்டிருந்தது. ஹெட்போனைக் கொடுத்தால் அது அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

ஹெட்போனை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். அந்தோனியைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கண்ணால் கேட்டேன். அவர் உட்காரவில்லை. ஆனால் கிட்ட வரவும் இல்லை. ஆகில் மறுபடி கையை ஓங்கினால் பிடிப்பதற்கு ஆயத்தமாக இன்னும் ஓரடி முன்னால் நகர்ந்தேன்.

ஜெரோம் விரலை நீட்டித் திரையின் மேல் விளிம்பில் இருந்த பச்சைக் கோட்டைக் காட்டினான். ஆகில் அதைப் பார்த்தான். “அதப் பாத்தா தண்ணியப் பாக்க ஏலாது” என்று சிடுசிடுத்தான். ஒரு லொறி போய், ஜன்னல் அதிர்ந்து அடங்கியது.

“நான்” என்றான் ஜெரோம்.

என்ன சொல்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை, ஆகிலுக்கு விளங்கிவிட்டது. கடித்துக்கொண்டிருந்த கையை எடுத்துக் கேமைத் தொடங்கினான். இருவரும் வலித்தார்கள். முதல் பெட்டி வந்தது, இரண்டாவது வந்தது. ஜெரோம் கண்ணை உயர்த்திப் பச்சைக் கோட்டைப் பார்த்துவிட்டு, “பாதி” என்றான். ஆகில் வேகத்தைக் கூட்டினான். பிறகு, “கொஞ்சம்.” பிறகு, “முடியுது.” கடைசிப் பெட்டி கரையை எட்டவில்லை, திரை சிவப்பானது.

ஆகில் எறியவில்லை. ஜெரோம் பக்கம் திரும்பி, “நீ பிந்திச் சொல்றாய். இன்னும் முந்திச் சொல்லு” என்றான். ஜெரோம் தலையாட்டினான். மறுபடி தொடங்கினார்கள்.

இவன் இங்கே இப்படிக் கதைப்பானா என்று அந்தோனி தணிந்த குரலில் என்னிடம் கேட்டார். இல்லை, நாங்களும் இப்போதுதான் கேட்கிறோம் என்றேன். அடுத்த சனிக்கிழமை ஜெரோம் வந்தான்.

இதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜெரோம் பள்ளிக்கூடத்தில் முன்பு போலவேதான் இருந்தான். நிலையத்திலும் கேமுக்கு வெளியே அவன் சொற்கள் கூடினவா என்று கேட்டால், கொஞ்சம் கூடின என்று நான் சொல்வேன், இல்லை என்று ரிஹானா சொல்வார். ஆகிலிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கண்ணில் படுபவர்களிடமெல்லாம் ஏன் என்று கேட்கத் தொடங்கினான். டெலிபோனில் கதைக்கும்போது ஏன் வாப்பா கத்துகிறீர்கள், ஆள் தூரத்தில் இருப்பதாலா என்று கேட்டானாம். மிஸ், நீங்கள் பழக்கியது இப்போது எங்களுக்குத் தலையிடி என்று நௌபர் முறைப்பாடு சொன்னார். முகத்தில் கோபம் இல்லை. கேமுக்குள் கற்றது வெளியே எவ்வளவு தூரம் வரும் என்பது எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. நீங்கள் கவனித்து எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருவருக்கு மற்றவர் தேவைப்படும் கேம் எதுவாக இருந்தாலும் சரி. அதைவிட முக்கியம், நீங்கள் எங்கே நின்று பார்க்கிறீர்கள் என்பது. பிள்ளை பிழையாக ஆடுகிறான் என்று தோன்றினால், அவன் பக்கத்தில் போய் இருந்து, அவன் கேட்பதைக் கேட்டுப் பாருங்கள். பழகும் திறன் பிள்ளைக்குத்தான் குறைவு என்று நாம் எழுதி வைத்துக்கொள்கிறோம். அந்த அறையில் ஜெரோமுக்கு என்ன கேட்கிறது என்று அறிய முயன்றவன் ஆகில் ஒருவன்தான்.

இன்னும் ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். அந்த ஆண்டின் கடைசிப் பகுதியில், ஒரு சனிக்கிழமை ஆகிலுக்குக் காய்ச்சல், வரவில்லை. ஜெரோம் கேமைப் போட்டு, ஒரு கொன்ட்ரோலரைக் கையிலும் மற்றதைப் பக்கத்துக் கதிரையிலும் வைத்துக்கொண்டு காத்திருந்தான். தனியாக வலித்தால் படகு வட்டமடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். நான் எழும்பப் போனேன். அன்று மகனைக் கூட்டிப்போக நேரத்தோடு வந்திருந்த அந்தோனி எனக்கு முன்னால் போய், அந்தக் கொன்ட்ரோலரை எடுத்துவிட்டு அதே கதிரையில் உட்கார்ந்தார்.

காலம் முழுக்கக் கடலில் படகோட்டிய மனிதர் அந்த ஆற்றில் தடுமாறிப் போனார். கரையில் மோதினார், பெட்டியைத் தண்ணீரில் விட்டார். ஜெரோம் அவர் கையைப் பிடித்து, பெருவிரலை எடுத்துச் சரியான பொத்தானில் வைத்தான்.

“அப்பா, மெதுவா” என்றான்.

அந்தோனி திரையைப் பார்ப்பதை விட்டு மகனைப் பார்த்தார். அதனால் படகு மறுபடி கரையில் மோதியது. “பாதி” என்றான் ஜெரோம். பிறகு, “அப்பா, அங்க பாருங்க” என்றான். திரை சிவப்பானது. அந்தோனி கட்டியிருந்த சாரத்தில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, கதிரையை மகனுக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

“இன்னொருக்காப் போடு மகன்” என்றார்.